பெயரைப் பார்த்து ஓடும் வேகம்

அவசர அழைப்பு மையத்துக்குப் புதிய கணினிகளை வாங்கலாமா, வேண்டாமா என்று சோதித்துச் சொல்ல வேண்டியவள் அக்கா. அதே மையத்தில் அழைப்புகளை எடுப்பவன் தம்பி. அன்று இடைவேளையில் அவனும் சோதனை அறைக்கு வந்திருந்தான்.

அங்கே வந்திருந்த விற்பனையாளரின் விளம்பரத் தாளில், பழையதைவிட மூன்று மடங்கு வேகம் என்றிருந்தது. வேகத்தை அளக்க அவர் சொன்ன பெஞ்ச்மார்க் புரோகிராமை அக்கா ஓட்டினாள். மூன்று மடங்கேதான்.

"சொன்னேன்ல மேடம்? பிராசஸர் பறக்கும்."

"பறக்கட்டும் சார். எங்க வேலையில ஓடுதான்னு பாக்கணும்."

அவளுடைய சோதனை வேறு. மையத்துக்கு முன்பு வந்த அழைப்புகளின் பதிவுகளை வரிசையாக ஓடவிடுவாள். பேசுபவர் இருக்கும் இடத்தைக் கணக்கிட்டு, கணினி வரைபடத்தில் சிவப்புப் புள்ளி வைக்க வேண்டும். அந்தப் பதிவுகளில் அப்பாவும் இருந்தார். நெஞ்சுவலியோடு தெருவில் உட்கார்ந்துவிட்டவரின் அழைப்பை எடுத்தது தம்பி. பழைய கணினி புள்ளி வைப்பதற்குள் பேச்சு நின்றுவிட்டது. அக்கா அந்தப் பதிவை நீக்கவில்லை. நீக்கினால் சோதனை எளிதாகிவிடும்.

"நீயாடா... இது எந்தத் தெருன்னு தெரியலடா..."

பதிவில் அப்பா பேசி ஓய்ந்தார். புதிய கணினியிலும் அதற்குப் பிறகுதான் புள்ளி விழுந்தது.

"இதுவும் மக்கர் பண்ணுதாக்கா?"

அக்கா விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள். வரைபட புரோகிராமின் பெயரை அழித்துவிட்டு, அந்த பெஞ்ச்மார்க்கின் பெயரை அதற்கு வைத்தாள். வேறு எதையும் தொடவில்லை. மறுபடி ஓட்டினாள்.

"நீயாடா" என்று அப்பா சொல்லும்போதே புள்ளி விழுந்தது, ஒரு சலவைக்கடையின் பின்சுவர் ஓரம். அவரை அங்கேதான் கண்டெடுத்தார்கள்.

"வண்டி கிளம்பிடுச்சுப்பா, அங்கயே இருங்க" என்றான் தம்பி, வேலைப் பழக்கத்தில். ஒலிபெருக்கியில் அவனுடைய பழைய குரல் இன்னும், "எங்கப்பா இருக்கீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தது.

யாரும் யாரையும் பார்க்கவில்லை.

விற்பனையாளர் தொண்டையைச் செருமினார். "பெஞ்ச்மார்க் பேரைப் பாத்தா மட்டும் வேகத்தைக் கூட்டுறது எல்லாக் கம்பெனியும் செய்யறதுதான் மேடம். பரீட்சைன்னா பையன் கொஞ்சம் விழுந்து விழுந்து படிப்பான்ல?"

"அந்தப் பேரையே வச்சுட்டுப் போயேன்க்கா," என்றான் தம்பி. "என்ன குடி முழுகிடும்? நான் திரும்பவும் அந்தப் பழசு முன்னாடி உக்கார மாட்டேன்."

"பெஞ்ச்மார்க் சட்டுனு முடிஞ்சுடும், அதுவரைக்கும் இந்த வேகம் தாங்கும். உனக்கு வர்ற கால் முடியுமா? கொஞ்சம் பொறு."

அதே பெயரில் மீதிப் பதிவுகளை ஓடவிட்டாள். மின்விசிறியின் இரைச்சல் ஏறியது. பெட்டியின் மேல் கைவைக்க முடியவில்லை. புள்ளிகள் தாமதமாக விழத் தொடங்கின. ஒரு பெண், "குழந்தை மூச்சு விடலங்க" என்று கதறும்போது திரை இருண்டது. குரல்கள் வேறொரு கருவியிலிருந்து வந்தன, அவை நிற்கவில்லை. இருண்ட திரையின் முன்னால் அந்தப் பெண் பேசிக்கொண்டே இருந்தாள்.

"ரொம்ப நேரம் ஏசி இல்லாம..." என்று ஆரம்பித்தார் விற்பனையாளர்.

"கொஞ்சம் சும்மா இருங்க சார்," என்றான் தம்பி. "இதுவும் நான் அந்தப் பழசுல எடுத்த கால்தான்க்கா. அந்தக் குழந்தை பொழச்சுது."

"தெரியும்."

அவன் இருண்ட திரையையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டான்.

"வேண்டாம்னே எழுதிடு," என்று சொல்லிவிட்டு, பழைய கணினியின் முன்னால் உட்காரப் போனான்.