இடது பின் சக்கரம்

கசாய் நவோயா எழுந்தான். அரிசிக் குக்கரைத் திறந்தான். சோறு, மிசோ சூப், முள்ளங்கி ஊறுகாய். நின்றபடியே சாப்பிட்டான். கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தான். பூட்ஸை மாட்டிக்கொண்டு வெளியே போய், காரின் மேல் கிடந்த பனியைத் தள்ளிவிட்டு, நான்கு சக்கரங்களையும் சுற்றி வந்தான்.

ஒவ்வொரு நட்டிலிருந்தும் சக்கரத்தின் மேல் ஒரு வெள்ளைக் கோடு இழுத்திருந்தான். நட்டு அசைந்தால் கோடு உடையும். மற்ற சக்கரங்களில் கோடுகள் நேராக இருந்தன. இடது பின் சக்கரத்தில் எல்லாம் உடைந்திருந்தன. கைப்பேசியில் படம் எடுத்தான். துடைத்துவிட்டுப் புதுக்கோடு போட்டான். இந்த வாரம் முழுக்க இப்படித்தான்.

"தினமும் பனியில மண்டிபோட்டு யாரத் தம்பி கும்பிடுற? சக்கரத்தையா?" பக்கத்து வீட்டு மிகாமி அம்மாள் பனி வாரும் மண்வெட்டியை ஊன்றி நின்றாள். "கும்பிடு, வேணாங்கல. விடியறதுக்கு முன்னாடி மட்டும் ஸ்பானர வச்சு டக்கு டக்குன்னு பண்ணாத. தூக்கம் போகுது."

"நான் இப்பதாங்க வெளிய வரேன்."

"அப்ப என் காதுலதான் பேய் புகுந்திருக்கு" என்று சிரித்துவிட்டு வாரத் தொடங்கினாள்.

போன வருடம் ஹிரோசாகியில் முதல் பனி விழுந்த ஞாயிற்றுக்கிழமை, டயர்க் கடை வாசலில் வண்டிகள் தெருமுனைவரை நின்றன. அங்கே காத்திருக்காமல், மனைவி மிஹோவின் காருக்கு நவோயா தானே பனியில் வழுக்காத குளிர்கால டயர்களை மாட்டினான். மாட்டி நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை இன்னொரு முறை இறுக்க வேண்டும். ஊரில் எல்லோருக்கும் தெரியும், பாதிப் பேர் மறப்பார்கள். அவன் அதை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருந்தான். வியாழக்கிழமை ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவே இடது பின் சக்கரம் கழன்றது. கார் கால்வாயில் கவிழ்ந்து கிடந்தது. மிஹோ உள்ளேயே இறந்திருந்தாள்.

அவன் அனுப்பிய புகாருக்கு, வண்டிக் குறைகளை விசாரிக்கும் அரசு அலுவலகம் பதில் எழுதியது. வண்டியில் குறையில்லை, இறுக்கம் போதவில்லை.

அதே ரக வண்டியை, அதே ஆண்டில் வந்ததைத் தேடி வாங்கினான். இந்த முறை எல்லாம் ஒழுங்காகச் செய்தான். இறுக்கினான், ஓட்டினான், மறுபடி இறுக்கினான். அப்படியும் நட்டுகள் தாமாகக் கழன்றால், அவளைக் கொன்றது அவன் கை இல்லை. அவனுக்கு வேண்டியது அது ஒன்றுதான். இரண்டாவது புகாரை எழுதினான்.

அதை விசாரிக்க, மிகாமி அம்மாள் பனி வாரிக்கொண்டிருந்த அதே காலையில் அலுவலகத்திலிருந்து குதோ என்பவர் வந்தார். சக்கரத்தின் முன் குந்தி, படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். பிறகு முதலிலிருந்து பார்த்தார்.

"கசாய்-சான், இது கழலலீங்க. நட்டு எல்லாம் வலப்பக்கமா சுத்தியிருக்கு. இறுகியிருக்கு."

நவோயா குனிந்து பார்த்தான். கோடு உடைந்ததைத்தான் தினமும் பார்த்தான். எந்தப் பக்கம் என்று பார்க்கவேயில்லை.

"தானா இறுகாது. வீட்டுல வேற யாரு இருக்கா?"

"நான் மட்டும்தான்."

குதோ அன்றைய படத்தைப் பெரிதாக்கினார். சக்கரத்தைச் சுற்றி இரவு விழுந்த பனி மாவு கொட்டியதுபோல் கிடந்தது. நவோயாவின் பூட்ஸ் தடம் தவிர ஒன்றுமில்லை. அவர் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். காரைவிட்டுச் சற்றுத் தள்ளி நின்று பேசினார்.

"பழைய புகாருல ஒரு கேள்விய விட்டுட்டீங்க. ஓட்டுனவங்க முன்னாடியே ஏதாச்சும் சொன்னாங்களா? சத்தம் வருதுன்னு?"

"பின்னால ஏதோ தட்டுதுன்னு சொன்னா."

"எப்ப?"

"அன்னிக்குக் காலைல. நான் படுத்திருந்தேன். ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

நவோயா சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வியாழக்கிழமை காலை மிஹோ வாசற்படியில் உட்கார்ந்து பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தாள். கோபமே இல்லை அவள் குரலில்.

"சரி, நீ தூங்கு. நான் வந்து இறுக்கிக்கிறேன்."