முதலில் குளிர்ந்த கிண்ணம்

ஐம்பத்து மூன்று மணி நேரமாக அந்த எண் அசையவில்லை. முப்பத்தெட்டு டிகிரி. ஆழ்துளைக் கிணற்றின் அடியிலிருந்து வரும் கம்பியின் மறுமுனையில், கணினித் திரையில், அடித்த ஆணி மாதிரி நின்றது.

துளை போடும்போது உள்ளே இறங்கும் தண்ணீர் பாறையைக் குளிரவைத்துவிடும். பிறகு நாளுக்கு நாள் சூடு ஏறும். மூன்று வாரம் ஏறத்தான் செய்தது. வீடுகளைச் சூடாக்க அறுபத்தைந்து டிகிரி வேண்டும். திரையில் சூட்டைக் காட்டும் கோடு முப்பத்தெட்டில் மட்டமாகப் படுத்துவிட்டது. அப்படிப் படுத்த கோடு இனி எழாது என்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்த, இயற்பியல் படித்த அவளுக்குத் தெரியும். மேலாளருக்கும் தெரியும்.

"இன்னும் ஏறும்னு சொல்லும்மா. ஏறாதுன்னு யார் கண்டா?" என்றார் அவர் காலையில்.

அவள் தலையாட்டினாள். அலுவலகத்தில் அவளுக்கு 'சைலன்ட் மோடு' என்று பெயர். பூமியின் சூட்டைப் பற்றிப் பிள்ளைகளுக்கும் குடும்பங்களுக்கும் விளக்குவது அவள் வேலை. பிள்ளைகளிடம் வாய் ஓயாது. பெரியவர்கள் முன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

இன்று குடும்பங்கள் வந்து பார்க்கும் நாள். சமூகக் கூடத்தின் நடுவே, தரையிலிருந்து ஒரு செம்புக் குழாய் எழுந்து நின்றது. உள்ளே கிணற்றுத் தண்ணீர். குழாய்க்கு முன்னால் ஒரு மேசை, அதன்மேல் பனிக்கட்டி மிதக்கும் எவர்சில்வர் கிண்ணம். 'முதலில் குளிரைத் தொடு, பிறகு பூமியைத் தொடு' என்று பலகை சொன்னது. பனிக்கட்டியில் மரத்த கைக்கு வெதுவெதுப்பும் நெருப்பாகத் தெரியும். முந்தாநாள் கூட்டத்தில் இந்த யோசனை வந்தபோது அறையே கைதட்டியது.

அடுத்த மேசையில், வீட்டைக் கிணற்றுச் சூட்டுக்கு மாற்றச் சம்மதப் படிவம். கையெழுத்துப் போட்ட வீடுகளில் திங்கட்கிழமை, இதுவரை வீட்டைச் சூடாக்கிவந்த பழைய பாய்லரைக் கழற்றிவிடுவார்கள். குளிர்காலத்துக்கு இன்னும் ஆறே வாரம்.

ஒவ்வொருவராகக் கையை விட்டார்கள், குழாயைத் தொட்டார்கள், "ஆ!" என்று சிரித்தார்கள், கையெழுத்துப் போட்டார்கள். அவள் கிண்ணத்தில் பனிக்கட்டி போட்டுக்கொண்டே இருந்தாள்.

பதினொரு மணிக்கு அக்கா வந்தாள். தோளில் ஆறு மாதக் குழந்தை. பின்னால் அக்கா வீட்டுக்காரர். அவருக்கும் முன்னால் ஓடிவந்தாள் மூத்தவள், வீட்டில் எல்லோருக்கும் 'வாலு'.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கறே? சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்கா." சாப்பிடவில்லை.

மாமா கிண்ணத்தில் கையை விட்டுக் குழாயைப் பிடித்தார். "யம்மா! கை வெந்துடும் போல. உங்கக்கா குடுக்கற காபிகூட இவ்வளவு சூடா இருந்ததில்ல."

"நீங்க எந்திரிச்சு வர்றதுக்குள்ள ஆறிப்போகுது, நான் என்ன பண்றது?" என்றாள் அக்கா. "எனக்குத் தொட்டெல்லாம் பார்க்க வேணாம். என் தங்கச்சி இருக்கற இடம். அந்தக் கிழட்டு பாய்லர் உறுமற உறுமல்ல இவன் தூங்கறதே இல்ல. முதல்ல அது ஒழியட்டும்."

பேனாவை எடுத்தாள். இரண்டடி தள்ளி நின்ற மேலாளர் புன்னகைத்தார்.

வாலுவின் வலது கட்டைவிரலில் பிளாஸ்திரி. அந்தக் கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, இடது கையை மட்டும் கிண்ணத்தில் விட்டாள். குழாயைத் தொட்டாள். பிறகு வலது கையை எடுத்து அதே இடத்தில் வைத்தாள். மறுபடி இடது. நெற்றி சுருங்கியது.

"சித்தி, இந்தக் கைக்குச் சுடுது. இந்தக் கைக்குச் சுடல."

அவள் கிண்ணத்தில் இன்னொரு பனிக்கட்டியைப் போட்டாள்.

"எங்க ஸ்கூல்ல மூணு கிண்ணம் வெச்சுக் காட்டினீங்கல்ல? கையை நம்பாதீங்க, தெர்மாமீட்டரைக் கேளுங்கன்னு சொன்னீங்கல்ல? அது எங்கே?"

மேசை இழுப்பறையில் இருந்தது. காலையில் அவளே எடுத்து உள்ளே வைத்திருந்தாள்.

"கெட்டிக்காரப் பொண்ணு!" என்றார் மேலாளர். "அங்க பலூன் தர்றாங்க பாரு, ஓடு."

"பலூன் சின்னப் பசங்களுக்கு அங்கிள். நான் மூணாவது."

"இவ இப்படித்தான், தொணதொணன்னு," என்று அக்கா படிவத்தில் குனிந்தாள். "எங்கடி போடணும்? இங்கயா?"

குனிந்ததில் குழந்தையின் காலுறை கழன்று விழுந்தது. அக்கா கவனிக்கவில்லை; அவள் அதை எடுத்து மாட்டினாள். வெறும் பாதம் உள்ளங்கையில் பட்டது. பனிக்கட்டி அள்ளி மரத்துப்போன விரல்களுக்கு அந்தப் பாதம் கொதித்தது. உண்மையில் அது சில்லிட்டிருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

இழுப்பறையைத் திறந்து தெர்மாமீட்டரை வாலுவிடம் நீட்டினாள். "குழாய்ல ஒட்டி வெச்சுப் பிடி. எண் நிக்கற வரைக்கும் எடுக்காதே."

மேலாளரின் புன்னகை அப்படியே உறைந்தது. வாலு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். பிறகு கூடம் முழுக்கக் கேட்கும்படி படித்தாள்.

"முப்பத்தேழு!"

"அது நம்ம உடம்புச் சூடுதானே?" என்றார் மாமா.

வரிசையில் நின்றவர்கள் குழாயருகே நெருங்கினார்கள். "இது ஆரம்பம்தாங்க," என்று மேலாளர் முன்னால் வந்தார். "போகப் போக ஏறும்."

அக்கா பேனாவைக் காகிதத்திலிருந்து எடுக்காமல் நிமிர்ந்தாள். "ஏறுமாடி?"

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. பிரித்தெடுத்தாள்.

"ஏறாதுக்கா. ரெண்டு நாளா நின்னு போச்சு. யாரும் பாய்லரைக் கழட்ட விடாதீங்க."

கடைசி வரிசைவரை கேட்டது. யாரோ மேசையிலிருந்து தன் படிவத்தை உருவினார். அக்கா மேலாளரின் பக்கம் திரும்பினாள்.

"ஏன் சார், கைக்குழந்தை இருக்கற வீடு. ஐஸ்ல கையை விடவெச்சு ஏமாத்தலாம்னு எப்படி சார் உங்களுக்குத் தோணிச்சு?"

மேலாளர் அக்காவைத் தாண்டி அவளையே பார்த்தார். அவர் சொல்லப்போவதில்லை என்று அவளுக்குப் புரிந்தது. அவள் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது.

"அவருக்குத் தோணலக்கா," என்றாள். "கிண்ணம் என்னோட யோசனை."