பக்கவாட்டுத் தோற்றம்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. இன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஒரு கொட்டேஷன் தாளின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினேன். முதல் வரி: “என் மேனேஜர் ஒரு அயோக்கியன்.” நல்ல வரி. அடிக்க மனசு வரவில்லை.

2

நடந்தது இதுதான். எங்கள் கம்பெனி பிளாஸ்டிக் பெட்டி விற்கிறது. பெட்டி செய்ய இரும்பு அச்சு வேண்டும், மோல்டு என்போம். மூன்று பட்டறைகளிடம் விலை கேட்டோம். தாளில் ஒரு வரைபடம் போனது. கம்ப்யூட்டரில் எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்க்கக்கூடிய மாடல் போகவில்லை.

பெட்டியின் பக்கச் சுவரில் ஒரு துளை உண்டு. அதற்காக அச்சில் பக்கத்திலிருந்து நுழைந்து விலகும் தனி உறுப்பு வைக்க வேண்டும். இல்லையென்றால் பெட்டி அச்சுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். செலவு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வரைபடத்தில் அந்தத் துளை இல்லை.

குறைந்த விலை சொன்னவரிடம் இரண்டே மெஷின். பாலிஷ் போடுவது அவர் மனைவி. “திருத்தங்களுக்குக் கூடுதல் விலை கிடையாது” என்ற வரியோடு வந்த ஆர்டரில் கையெழுத்துப் போட்டார். இரும்பை வெட்டும் முன் துளை தெரிந்தால் ஆர்டரை விட்டு விலகலாம்; வெட்டிய பிறகு சொன்னால் பட்டறையே போய்விடும்.

[இங்கே அவருக்கு ஒரு நோஞ்சான் குழந்தை கொடுத்திருந்தேன், உங்கள் கண்ணீருக்காக. அடித்துவிட்டேன். அவருக்குக் குழந்தை இல்லை. பழைய ஸ்கூட்டர் இருக்கிறது.]

3

இன்று காலை மேனேஜர் சொன்னார்: “நாலு மணிக்குப் பட்டறையில இரும்பை மெஷின்ல ஏத்துறாங்களாம். வெட்டட்டும். அப்புறம் மாடலை அனுப்பு. சின்னத் திருத்தம்னு எழுது.”

“எது சார் திருத்தம்? துளை மொத நாள்லேர்ந்தே இருக்கு.”

“உன் வேலைய நிரந்தரமாக்குற லெட்டர் என் மேசையிலதான் இருக்கு. அதையும் கொஞ்சம் திருத்தணுமா?”

நான் அதிர்ச்சியில்

4

அந்த வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. யாரைப் பார்த்து அதிர்ச்சி?

இரண்டாம் பகுதியை மறுபடி படியுங்கள். “வரைபடம் போனது.” “துளை இல்லை.” வரைபடத்துக்குக் கால் முளைத்ததா? வரைந்தது நான். பக்கவாட்டுத் தோற்றத்தை நீக்கியது நான். மேலிருந்து பார்க்கும்போது துளையைக் காட்டிக்கொடுக்கும் புள்ளிக்கோடுகளை அணைத்ததும் நான். மேனேஜர் சொன்னது, “சிம்பிளா ஒரு படம் போதும்மா” என்பது மட்டும். மிச்சத்தை என் பட்டப்படிப்பு புரிந்துகொண்டது.

பட்டறைக்காரர் போன வாரம் போன் செய்தார். இதையும் உங்களிடம் சொல்லவில்லை.

“மேடம், மாடல் இருந்தா அனுப்புங்களேன். ஒருவாட்டி திருப்பிப் பாத்துட்டா சரியா வெலை சொல்லிடுவேன்.”

“இன்னும் ரெடியாகலண்ணே.”

“பக்கச் சுவத்துல ஒண்ணும் இல்லல்ல?”

“ஒண்ணுமில்லண்ணே.”

“படிச்சவங்க நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

என் அம்மாவும் அதே வார்த்தையைத்தான் சொல்வாள். நான் நீட்டும் எந்தத் தாளிலும் படிக்காமல் கையெழுத்துப் போடுவாள். எங்கள் வீட்டில் படிக்கத் தெரிந்தது எனக்குத்தானே.

5

முடிவு ஒன்று: வெட்டும் முன்பே மாடலை அனுப்புகிறேன். வேலை போகிறது. பட்டறைக்காரர் ஸ்கூட்டரில் வந்து நன்றி [அடித்தாயிற்று. அதை வாங்கிக்கொள்ள எனக்கு முகமில்லை.]

முடிவு இரண்டு: அனுப்பவில்லை. வேலை நிரந்தரம். அம்மா தெரு முழுக்கச் சொல்லித் தீர்க்கிறாள்.

(இரண்டாவதை நான் அடிக்கவில்லை. கவனித்தீர்களா?)

மணி மூன்றேகால். மெயிலில் மாடலை இணைத்து வைத்திருக்கிறேன். அனுப்பவில்லை.

முதல் வரியைப் படித்ததும் எனக்கு ஒரு மதிப்புப் போட்டிருப்பீர்கள்: பாவம், நேர்மையான பெண். அது வரைபடத்தை நம்பிப் போட்ட விலை. இப்போது மாடல் உங்கள் கையில் இருக்கிறது. எல்லாப் பக்கமும் திருப்பிப் பாருங்கள். பிறகு சொல்லுங்கள், நான் அனுப்புவேனா?

நாலு மணிக்குள் சொல்லுங்கள்.