லூர்துநாதனுக்கு ஏழு சாட்சிகள்

புதுச்சேரி கத்தோலிக்க மேற்றிராணியார் மாளிகையிலிருந்து, மகனுக்குச் சாட்சி கேட்டு உத்தரவு வந்த நாள் முதல் அந்தோணிசாமிக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நாற்காலியில் சாய்வார், முதுகு தானாக நிமிர்ந்துகொள்ளும். எழுந்து வாசலுக்குப் போவார். தெருவில் யாராவது ஏதாவது கேட்டுவிடுவார்களோ என்று பாதியிலேயே திரும்பிவிடுவார்.

அவருடைய மருமகள் செலின், கல்யாணமாகி ஒன்றரை வருஷம் கடலூரில் இருந்துவிட்டுச் சிதம்பரத்தில் தாய்வீட்டுக்கே போய்விட்டாள். போனவள் சும்மா இருக்கவில்லை. கோவிலில் தாலி கட்டியதோடு சரி, புருஷன் பெண்டாட்டியாக ஒருநாள்கூட வாழவில்லை, பாப்பரசர் இந்தக் கட்டை அவிழ்த்துவிட வேண்டும் என்று மனுப் போட்டிருந்தாள். மகன் லூர்துநாதன், அவள் சொல்வது பொய், எல்லாரையும் போலத்தான் வாழ்ந்தோம் என்று பதில் எழுதிக் கொடுத்துவிட்டான். மனு தள்ளுபடியானால் இருபத்திரண்டு வயசுப் பெண் சாகும்வரை அவன் பெண்டாட்டிதான். வேறு கல்யாணம் இல்லை; பொய்க்காரி என்ற பெயரும் கூட வரும்.

நாலு சுவருக்குள் நடந்ததற்குச் சாட்சி ஏது? அதற்குத் திருச்சபையில் ஒரு பழைய வழி இருந்தது. இரண்டு தரப்பும் சொந்தத்தில் ஏழேழு பேரைக் கொண்டுவர வேண்டும். அறைக்குள் நடந்தது அவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. 'இவர் பொய் பேசுகிறவர் அல்ல' என்று சுவிசேஷத்தின் மேல் கை வைத்துச் சொன்னால் போதும். லூர்துவின் சாட்சிகளை விசாரிக்க ஒரு பாதிரிச் சாமியார் கடலூருக்கே வருவதாக இருந்தது.

அந்தோணிசாமி மஞ்சக்குப்பம் கோர்ட்டில் பெஞ்சு கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். எத்தனையோ பேருக்குச் சத்தியப் பிரமாணம் செய்வித்த வாய். கோர்ட்டு வாசல் மரத்தடியில் கூலிக்குச் சாட்சி சொல்ல நிற்பவர்களைக் கண்டால் அந்தப் பக்கமே துப்புவார். இப்போது அவரே வீடு வீடாகப் போய்ச் சாட்சி திரட்டினார். அவர் வாய் திறந்து கேட்டால் மாட்டேன் என்று சொல்ல யாருமில்லை. கடைசியாகப் போனது மனைவியின் தம்பி சவேரிமுத்து வீட்டுக்கு.

"வரேன் மாமா. நீங்க சொன்னா கெணத்துல கூட குதிப்பேன்" என்றான் சவேரி. "ஆனா கோர்ட்டு வாசல்ல நிக்கிறவனுக்காவது காபி வாங்கித் தருவாங்க. எனக்கு இன்னா?"

"வாய அடக்கு மச்சான்."

"அடக்கிட்டேன். ஒண்ணே ஒண்ணு. லூர்து பொய் சொல்ல மாட்டான்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"அவன் என் புள்ள."

"அது ஊருக்கே தெரியும். நான் கேட்டது வேற."

அந்தோணிசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். ஆனால் அந்தக் கேள்வி செருப்புக்குள் புகுந்த கல்லாகக் கூடவே வந்தது. மறுநாள் காலை பூசை முடிந்ததும், சிதம்பரம் போய் அந்தப் பெண்ணை நேருக்கு நேர் கேட்டுவிடுவது என்று கிளம்பினார். முகத்துக்கு நேரே கேட்டால் பொய் தானே குழறும் என்பது அவருடைய கோர்ட்டு அனுபவம்.

"அங்க போவாதீங்க" என்றாள் மனைவி ஆரோக்கியம்மாள்.

"ஏன்?"

"சொன்னாக் கேளுங்க." அவ்வளவுதான் சொன்னாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பை ஊத ஆரம்பித்தாள்.

ரயிலில் உட்கார இடம் இருந்தும் பரங்கிப்பேட்டை வரைக்கும் நின்றுகொண்டே போனார். அங்கே ஏறிய மரைக்காயர் ஒருவர், "உக்காருங்க ஐயா, ரயிலு ஒங்கள வுட்டுட்டா போயிடும்?" என்று சிரித்தார். மரியாதைக்கு உட்கார்ந்தார், வெள்ளாற்றுப் பாலம் தாண்டியதும் மறுபடியும் எழுந்துவிட்டார்.

செலின் வீட்டில் அவளும் அவள் தாயும் மட்டும் இருந்தார்கள். தகப்பன் இல்லாத வீடு. சம்பந்தி வந்ததும் தாய் பதறி நாற்காலி போட்டாள். அவர் உட்காரவில்லை.

"எங்க வீட்டுல ஒனக்குச் சோறு இல்லையா, துணி இல்லையா? எதுக்கும்மா இந்த அபாண்டம்?"

செலின் உள்கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். புடவை ஓரம் மட்டும் தெரிந்தது. குரல் குழறவில்லை.

"ஒங்க வீட்டுல எனக்கு ஒரு கொறையும் இல்ல மாமா. அவரு குடிக்கல, அடிக்கல. என்னப் பாக்கல, அவ்வளவுதான்."

"பாக்கலன்னா?"

"கப்பல்காரங்க குடுக்குற பொஸ்தகம் ஒரு பொட்டி நெறைய வச்சிருக்காரு. வெள்ளக்காரப் பொம்பளைங்க படம். துணி இல்லாத படம். வெளக்க ஏத்தி வச்சிகினு அதையேதான் பாப்பாரு. நான் பக்கத்துல படுத்திருப்பேன். கிட்ட வருவாரு, முடியாது. கோவத்துல மறுபடியும் பொட்டியத் தெறப்பாரு."

"இதெல்லாம் ஒரு பொண்ணு பேசுற பேச்சா?"

"மூணு சாமியாருகிட்ட சொல்லியாச்சு மாமா. வெக்கப்படுறதுக்கு எங்கிட்ட இனிமே ஒண்ணும் இல்ல. ஒரு தடவ, படத்துல இருக்குற மாதிரியே நில்லுன்னாரு. வூடு வெளங்கணுமேன்னு கண்ண மூடிகினு நின்னேன். கண்ணத் தெறந்து பாத்தா, அப்பவும் அவரு படத்தத்தான் பாத்துகினு இருக்காரு."

அவள் தாய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

"நான் பொய் சொன்னா அத்தையக் கேளுங்க" என்றாள் செலின். "அவுங்களுக்குத் தெரியும்."

கடலூர் திரும்பியதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்குப் போய் நின்றார்.

"ஒனக்குத் தெரியுமா?"

ஆரோக்கியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். எதை என்று கேட்கவில்லை. "கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும். ஒரு கால்கட்டு போட்டுட்டா சரியாப்பூடும்னு நெனச்சேன்."

"எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"ஒங்ககிட்டயா?" என்று மட்டும் கேட்டாள்.

லூர்துவின் கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப் பெட்டியை அவளே இழுத்துக் கொடுத்தாள். மேலே இருந்ததை ஒரே ஒரு தரம் பார்த்துவிட்டு மூடினார். படத்தைவிட, அந்தத் தாளின் ஓரங்கள்தான் அவர் கண்ணில் தங்கின. தினம் புரட்டும் ஜெபப் புத்தகத்தைப் போல அவை தேய்ந்து மழுங்கியிருந்தன.

சாயங்காலம் லூர்து வந்தான். துறைமுகத்தில் கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் வேலை. படகில் போய், கடலில் நிற்கும் கப்பல்களில் சரக்கைச் சரிபார்த்துவிட்டு வருபவன். கூடத்தின் நடுவில் பெட்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"வெறும் பேப்பருப்பா. நான் ஒருத்தி வாசல்ல போய் நின்னேனா? எவ குடியக் கெடுத்தேன்?"

"கட்டினவளத் தொட்டியா?"

அவன் தரையைப் பார்த்தான்.

"கேக்குறேன்ல?"

"முடியலப்பா." அவன் குரல் சின்னப் பையன் குரலாகிவிட்டது. "அவ பக்கத்துல வந்தா யாரோ மாதிரி இருக்குது. அந்த மாதிரி இல்லியேன்னு இருக்குது. வுட்டுடணும்னு எத்தினியோ தடவ பொட்டியோட கடல்ல போடப் போயிருக்கேன். போட முடியல."

"அப்ப இதையே சாமியாருகிட்ட சொல்லு."

"ஆம்பள இல்லன்னு ஊரு சிரிக்கும். ஒங்களப் பாத்துத்தான் மொதல்ல சிரிக்கும். நீங்க இருக்கீங்கன்னுதான்பா நான் தைரியமா எழுதிக் குடுத்தேன். ஒங்க வார்த்தைய யாரு தட்டுவாங்க?"

அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தை மகன் தன் பக்கமாகவே எடுத்துக்கொண்டான்.

அடுத்த நாட்களில் அந்தோணிசாமி நடந்த நடைக்குக் கணக்கில்லை. கெடிலத்துப் பாலம் வரை போவார், திரும்புவார். கோவிலில் முழங்கால் போட்டால் ஜெபமாலை பாதியில் கைநழுவும். தன் பேர் கெடக் கூடாது என்று நினைப்பார். உடனே, கதவுக்குப் பின்னால் தெரிந்த புடவை ஓரம் நினைவுக்கு வரும். சம்பந்தி வீட்டில் ஆண்துணை இல்லை. அந்தப் பெண்ணுக்காக ஏழு பேர் வந்தார்களோ இல்லையோ, அவருக்குத் தெரியாது. தன் மகனுக்கு ஏழு பேர் வருவார்கள் என்பது தெரியும். அவர் சொன்னதால் வருவார்கள்.

விசாரணை நாளன்று பங்குச் சாமியார் வீட்டுத் தாழ்வாரத்தில் சொந்தக்காரர்கள் வெள்ளை வேட்டியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முதலில் கூப்பிட்டது அவரை. சுவிசேஷப் புத்தகத்தின் மேல் கை வைத்தார். பிரமாண வாசகத்தைச் சாமியார் சொல்லிக் கொடுக்க, அவர் திருப்பிச் சொன்னார்.

"உங்கள் மகன் லூர்துநாதன் மெய் பேசுகிறவரா?"

"மத்த காரியத்துல பேசுவான் சாமி. இதுல பேசல."

சாமியார் தலை நிமிர்ந்தார். "நீங்கள் அவர் தரப்புச் சாட்சி."

"தெரியும் சாமி. எழுதிக்கோங்க. அந்தப் பொண்ணு சொல்றதுதான் நெசம். அவன் வாயாலயே எங்கிட்ட ஒத்துகினான்."

பிறகு கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். பெட்டியைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டார். கையெழுத்துப் போடும்போது முதுகு நேராகவே இருந்தது.

வெளியே வந்ததும் எல்லாரும் எழுந்தார்கள். சவேரி கிட்ட வந்தான்.

"நாங்க உள்ள போயி இன்னா சொல்றது மாமா? நீங்க சொன்னதையேதான?"

"இல்ல. எனக்காக யாரும் ஒண்ணும் சொல்ல வேணாம். ஒனக்குத் தெரிஞ்சதச் சொல்லு."

"எனக்கு ஒண்ணும் தெரியாதே!"

"அதச் சொல்லு."

வரிசையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என்ன நடந்தது என்பது அவர்களுக்கு மெதுவாகப் புரிவதை அவர் பார்த்தார். பெரியப்பா மகன் ஒருவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். இன்னொருவன் இருமினான். இன்று மத்தியானத்துக்குள் மஞ்சக்குப்பம் முழுக்கத் தெரிந்துவிடும்.

"உக்காருங்க மாமா, மொகம் ஒரு மாதிரி இருக்குது" என்றான் சவேரி.

"கப்பல் வந்துட்டுதா இன்னைக்கு?"

"காலையிலயே வந்துட்டுது. லூர்து படகுல போயிருப்பான்."

அந்தோணிசாமி படியிறங்கினார். வீட்டுக்குப் போகும் தெருவை விட்டுத் துறைமுகத்துப் பக்கம் திரும்பினார். ஊரார் சொல்லி அவன் கேட்கக் கூடாது. படகு கரைக்குத் திரும்பும்போது தான் அங்கே நிற்க வேண்டும். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவர் நடையை எட்டிப் போட்டார்.