பழைய பேக்கப்பில் இருந்தவள்

மகளின் புதுநன்மைப் படங்கள் சேமிப்பில் ஏறவில்லை. இடமில்லை என்று ஃபோன் கையை விரித்துவிட்டது. வெள்ளை கவுனும் தலையில் பூ வளையமுமாகத் தேவாலயப் பீடத்துக்கு முன்னால் நிற்கிற ஆன்மேரி, சொந்தக்காரர்கள் எல்லார் ஃபோனிலும் நிற்கிறாள். பெற்றவர்கள் கணக்கில் மட்டும் அவளுக்கு நிற்க இடம் கிடையாது. எனக்கு வந்ததே ஒரு கோபம்.

எங்கள் வீட்டில் எல்லா ஃபோனுக்கும் ஒரே கணக்குதான். என் கணவர் டேவிஸ் தோஹாவில் ஏசி மெக்கானிக்காக இருந்தபோது திறந்தது. கல்ஃபிலிருந்து அவர் அனுப்பிய ஃபோன், அவர் போட்ட கணக்கு, அவர் வைத்த பாஸ்வேர்டு. கேரளத்து இரிஞ்சாலக்குடாவில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் இதுதான் வழக்கம். ஆள் திரும்பி வந்து வருஷக்கணக்கானாலும் கணக்கை யாரும் மாற்றுவதில்லை.

இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது எது என்று உள்ளே போய்ப் பார்த்தேன். பேக்கப் பட்டியலில் என் ஃபோன் இருந்தது, அவர் ஃபோன் இருந்தது, அதற்குக் கீழே 'டேவிஸ் தோஹா' என்று மூன்றாவதாக ஒன்று. பாதி இடம் அதற்குத்தான். அந்த ஃபோன், அவர் ஊருக்குத் திரும்பிய வருஷமே ஏதோ கட்டடத்தின் மேலிருந்து விழுந்து நொறுங்கிப்போனது. ஃபோன் செத்துவிட்டது, அதன் ஆவி மட்டும் மேலே எங்கேயோ சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது.

சாப்பிடும்போது கேட்டேன்.

"சேட்டா, அந்த தோஹா பேக்கப்ப அழிச்சுடவா? மகளோட போட்டோ ஏற மாட்டேங்குது."

கறியிலிருந்த அயலை மீனின் முள்ளைப் பிரித்துக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தினார். "அது கிடக்கட்டும்."

"கிடந்து என்ன பண்ணுது? அந்த ஃபோனே இல்லயே."

"கிடக்கட்டும்னு சொன்னேன்ல, எடி."

இவர் குரல் உயர்ந்து நான் கேட்பது அபூர்வம். உயர்த்துவதற்கு முதலில் பேச வேண்டுமே. காலையில் வண்டிச் சாவி எங்கே என்பார், மாலையில் மகள் எங்கே என்பார், நடுவில் யாருடைய ஏசி ஓடவில்லையோ அவர்களோடு பேசுவார். அப்படிப்பட்டவர் ஒரு பழைய பேக்கப்புக்காகக் குரலை உயர்த்துகிறார் என்றால் அதில் ஏதோ இருக்கிறது. ஏதோ என்ன, யாரோ.

நான் வேலை பார்க்கிற மருந்துக் கடையில் கூட நிற்கிற ப்ரமீளாவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. எரிகிற அடுப்பில் மண்ணெண்ணெய் ஊற்றுவது அவளுக்குப் பொழுதுபோக்கு.

"ஆம்பள ஒண்ண அழிக்காதேன்னு சொன்னா, அதுக்குள்ள பொம்பள இருக்கான்னு அர்த்தம்," என்றாள்.

"உன் வீட்டு அனுபவமா?"

"எங்க வீட்டு ஆளு எல்லாத்தையும் அழிச்சுட்டுத்தான் வாசப்படி ஏறுவார். அது இத விட மோசம்."

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தோஹாவில் நர்ஸ்கள் இல்லையா? ஃபிலிப்பைன்ஸ்காரிகள் இல்லையா? ஏசி பழுதுபார்க்க வீடு வீடாகப் போகிற ஆள். கதவைத் திறக்கிறவள் எல்லாம் கிழவியாகவா இருந்திருப்பாள்? கல்யாணம் முடிந்து ஒரு மாத லீவு தீர்ந்ததும் விமானம் ஏறியவர், ஆறு வருஷத்தில் நான்கு முறை வந்து போனார். மிச்சமிருந்த நாளெல்லாம் அங்கே யாரோடு பேசினார்? என் மனசில் ஒருத்தி வந்து உட்கார்ந்துகொண்டாள். நல்ல நிறம், நீள முடி. அவளைத் துரத்த என்னால் முடியவில்லை.

அடுத்த விடுமுறை நாளில் அலமாரியிலிருந்து என் பழைய ஃபோனை எடுத்தேன். பேக்கப்பைச் சும்மா எட்டிப் பார்க்க முடியாது. காலியான ஒரு ஃபோனில் முழுசாக இறக்கினால்தான் உள்ளே இருப்பது தெரியும். யூடியூபில் ஒரு பையன் வளவளவென்று சொன்னதில் எனக்கு விளங்கியது அவ்வளவுதான். பழைய ஃபோனில் இருந்ததையெல்லாம் துடைத்துவிட்டு, எங்கள் கணக்கைப் போட்டு, பட்டியலில் 'டேவிஸ் தோஹா'வைத் தொட்டேன். என் புது ஃபோனில் உடனே ஓர் அறிவிப்பு வந்தது: உங்கள் கணக்கில் இன்னொரு கருவி சேர்ந்திருக்கிறது. தெரியும் போ என்று தள்ளிவிட்டேன்.

எவ்வளவு இறங்கியது என்று காட்டுகிற பட்டை நத்தை மாதிரி நகர்ந்தது. கப்பைக் கிழங்கு வேகவைத்தேன், தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சம்மந்தி அரைத்தேன், துணி உலர்த்தினேன், ஒவ்வொரு வேலைக்கும் நடுவில் வந்து பார்த்தேன். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குச் சற்று முன்னால் திரை ஒளிர்ந்தது. தோஹாவில் இருந்த டேவிஸின் ஃபோன் உயிரோடு என் உள்ளங்கையில்.

முதலில் வாட்ஸப்பைத் தொட்டேன். தோஹா எண்ணுக்கு அனுப்பிய குறியீட்டைத் தா என்றது. அந்த எண்ணை அவர் கம்பெனியில் ஒப்படைத்துவிட்டு வந்து எத்தனையோ காலம். அந்தக் கதவு மூடியாயிற்று. படங்களைத் திறந்தேன். கட்டடம், கட்டடம், ஏசி, ஏசியின் வயிறு, கல்யாணப் படம், மறுபடி ஏசி. பெண் என்று ஒரு குஞ்சு இல்லை. அப்புறம்தான் குரல் பதிவுகள் கண்ணில் பட்டன. நூற்றுக்கணக்கில். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்: 'குஞ்ஞுவுக்கு'.

முதல் பதிவைத் தட்டினேன்.

"குஞ்ஞு, நீ கேட்டியே, நான் எந்தச் சட்ட போட்டிருக்கேன்னு. நீலக் கட்டம் போட்டது. கழுத்துப் பித்தான் போயிருச்சு. தச்சுக்கோன்னு சொல்லுவே. ஊசி வாங்கணும்."

குஞ்ஞு நான்தான்.

கல்யாணமான புதிதில் என்னை அப்படித்தான் கூப்பிட்டார். இப்போது எடி. எனக்கே அந்தப் பெயர் மறந்துபோயிருந்தது. அங்கே தொழிலாளர் கேம்ப்பில் நெட் கிடைக்காது. அதனால் படுக்கையில் கிடந்தே பேசிப் பதிந்து வைத்துக்கொண்டு, மறுநாள் கிடைக்கிற இடத்தில் நின்று எனக்கு அனுப்புவார். எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. வேறு யாரும் இல்லை. நர்ஸ் இல்லை, ஃபிலிப்பைன்ஸ்காரி இல்லை.

நிம்மதி வர வேண்டும்தானே? அரை மணி நேரம்கூட இருக்கவில்லை அந்த நிம்மதி.

ஏனென்றால் நான் மேலே கேட்டுக்கொண்டே போனேன். அந்த வாரம் முழுக்கக் கேட்டேன். பஸ்ஸில், மருந்துக் கடையில், மீன் கழுவும்போது. இந்த மனிதர் பேசுகிறார்! நிறுத்தாமல் பேசுகிறார். "நீ கேட்டியே, பகதூர் இப்பவும் குறட்ட விடறானான்னு. இரு, கேளு." அறையிலிருந்த நேபாளிக்காரனின் குறட்டை அப்படியே ஒரு நிமிஷம். "நீ கேட்டே, அவ்வளவு உயரத்துல நின்னா பயமா இருக்காதான்னு. இருக்கும் குஞ்ஞு. யார்கிட்டயும் சொல்லல. உங்கிட்ட சொல்றேன்." இன்னொன்றில் பருப்பைத் தீய்த்த கதை. இன்னொன்றில் வராத குரலில் ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு, நடுவில் இருமல், மன்னிப்பு, திரும்பவும் பாட்டு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உயரத்தில் பயமாம்! பக்கத்தில் படுத்திருக்கிற எனக்கு இது தெரியாது. அந்தக் குஞ்ஞுவுக்குத் தெரியும். அவளுக்குப் பாட்டு, எனக்குச் சாவி எங்கே. அவளைச் சேமிப்பில் பாதி இடத்தில் குடிவைத்து, மகள் படத்துக்குக்கூட இடம் விடாமல் காவல் காக்கிறார். அவள் என்ன செய்துவிட்டாள் இவருக்கு? துணி துவைத்தாளா? பிள்ளை பெற்றாளா? பிரசவத்துக்கு முந்தியே போய்விட்ட சோம்பேறிப் பெண் அவள். அம்மா வீட்டில் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு ஃபோனைக் காதில் வைத்ததைத் தவிர ஒரு துரும்பை நகர்த்தியவள் இல்லை.

ப்ரமீளா ஆவலாகக் கேட்டாள். "கிடைச்சாளா?"

"கிடைச்சா."

"யாரு?"

"நான்."

அவள் வாயைப் பிளந்தாள். "அப்ப சந்தோஷம்தானே?"

"போடி."

சனிக்கிழமை மாலை மகளை வேதபாட வகுப்பில் விட்டுவிட்டு வந்தேன். டேவிஸ் வேலையிலிருந்து வந்து குளிக்கப் போயிருந்தார். பழைய ஃபோனை மேஜை நடுவில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவர் அதைப் பார்த்தார். ஆச்சரியப்படவில்லை. அதுவே எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"இது என்னன்னு தெரியுதா?"

"தெரியும். நீ இறக்கின அன்னைக்கே எனக்கும் அறிவிப்பு வந்துச்சு. ஒரே கணக்குதானே."

இது எனக்குத் தோன்றவே இல்லை. "தெரிஞ்சும் ஏன் ஒண்ணும் கேக்கல?"

"நீ எது வரைக்கும் கேட்டிருப்பேன்னு யோசிச்சுட்டு இருந்தேன்," என்றார். "பகதூர் குறட்ட வந்தாச்சா?"

சிரிப்பு வரப் பார்த்தது. விடவில்லை. "சிரிக்க வைக்காதீங்க. எனக்கு ஒரு பதில் வேணும். அவகிட்ட அவ்வளவு பேசினீங்க. என்கிட்ட ஏன் பேச மாட்டேங்கறீங்க?"

"எவகிட்ட?"

"குஞ்ஞுகிட்ட."

"எடி, அது நீதானே?"

"நான் இல்ல! என்னைப் பார்த்தா குஞ்ஞு மாதிரியா இருக்கு? என்னை அப்படிக் கூப்பிட்டு எத்தன வருஷமாச்சு? எனக்குப் பொறாமையா இருக்கு, சேட்டா. அவ தலைமுடியப் பிடிச்சு இழுக்கணும்போல இருக்கு. அவளா நானா, இப்பச் சொல்லுங்க. ரெண்டு பேருக்கும் இந்தக் கணக்குல இடம் இல்ல. இந்தப் பழைய ஃபோனையும் சேர்த்துத் துடைச்சுடுவேன்."

என் ஃபோனை எடுத்து, பட்டியலில் 'டேவிஸ் தோஹா'வைத் திறந்து, அழிக்கும் பொத்தானைத் தொட்டேன். அழித்தால் திரும்பக் கிடைக்காது, உறுதிதானா என்று கேட்டது. அந்தத் திரையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். பிடுங்குவார் என்று நினைத்தேன். பிடுங்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தார்.

"அழிக்கணும்னா அழி. மகளோட போட்டோ ஏறட்டும்," என்றார். "ஆனா அவளா நீயான்னு கேட்டா, நான் பொய் சொல்ல மாட்டேன். அவதான்."

காது அடைத்துப்போனது. "ஏன்? என்ன கம்மி எனக்கு?"

"உனக்கு ஒண்ணும் கம்மியில்ல. அவ கேப்பா. அவ்வளவுதான். நானா எப்ப பேசியிருக்கேன், சொல்லு? நல்லா கேட்டுப் பாரு அந்தப் பதிவுகள. ஒவ்வொண்ணும் அவ கேட்டதுக்குப் பதில்."

"நான் கேக்கறதில்லயா?"

"கேப்பே. கேஸ் சொல்லியாச்சா, வேன்காரனுக்குக் குடுத்தாச்சா, மோட்டார் போட்டாச்சா. அதுக்கெல்லாம் பதில் சொல்லிட்டுத்தானே இருக்கேன்."

நல்லா இருக்கு நியாயம் என்று ஆரம்பித்தேன். இவர் மட்டும் என்னைக் கேட்டாரா, நான் நாள் முழுக்க நின்று கால் வீங்கி வருவதைக் கேட்டாரா என்று ஒரு பட்டியலே தொண்டை வரை வந்துவிட்டது. அந்த நேரம் அவர் துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினார். இடது கை உயர்ந்தது. முழங்கையிலிருந்து மணிக்கட்டுப் பக்கம் வரை தோல் வேறு நிறமாக இருந்தது. பொருக்கு உதிர்ந்து, இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் பளபளத்தது.

"இது என்ன?"

"எது? ஓ, இதா. கேஸ் வெல்டிங் வைக்கும்போது குழாய் பட்டுச்சு."

"எப்ப?"

"போன மாசம். இப்ப பரவாயில்ல, ஆறிருச்சு."

போன மாசம். மருந்துக் கடையில் தீக்காயக் களிம்பை ஊருக்கெல்லாம் எடுத்துக் கொடுக்கிறவள் நான். கட்டிலில் அவருக்கு இடது பக்கம்தான் படுக்கிறேன்.

திரை இன்னும் உறுதிதானா என்று கேட்டுக்கொண்டிருந்தது. ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அந்தக் கையைப் பிடித்து என் பக்கம் இழுத்தேன். தொட்டதும் லேசாகச் சுருக்கிக்கொண்டார். இன்னும் வலிக்கிறது போலிருக்கிறது. அவளாக இருந்தால் கடலுக்கு இந்தப் பக்கம் கட்டிலில் கிடந்துகொண்டே அன்றைக்கே கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பாள், பாவி.