வாப்பாவைத் தள்ளிய விரல்

என் மகள் இன்ஷிராவுக்கு இரண்டு வயது கடந்தும் 'உம்மா'வைத் தவிர வேறு சொல் வரவில்லை. கிளினிக்கில் பிள்ளைகளின் வளர்ச்சியைப் பார்க்கும் மிட்வைப் அன்னப்பூரணி என்னைப் பிடித்துக்கொண்டார்.

"போனைக் குடுக்காதீங்க, றம்லா. போன் கதைக்கும். பிள்ளை கதைச்சா அது பதில் சொல்லாது."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. காத்தான்குடியில் எங்களுக்கு ஒற்றை அறை வீடு. பாதியைத் தறி பிடித்திருக்கிறது. போன் இல்லாவிட்டால் பிள்ளை தறியில் விரித்த பாவில் கையை விட்டு இழையை அறுப்பாள். ஆம்பிளைகள் இடுப்பில் உடுக்கும் சாரன் நெய்யாவிட்டால் அடுப்பு எரியாது. இதை யாரிடம் சொல்ல?

அந்த நேரம் பார்த்து என் மாப்பிள்ளை, பிள்ளையின் தகப்பன் அஸ்பாக் கத்தாரிலிருந்து லீவில் வந்தார். அவர் போகும்போது இன்ஷிரா கைக்குழந்தை. பிறகு வாப்பாவைப் பார்த்ததெல்லாம் போனில்தான். "மகள் ஒருக்கா 'வாப்பா' எண்டாப் போதும்" என்று ஏங்கிக்கொண்டிருந்த மனிதர், வந்ததும் வராததுமாகப் பிள்ளையைத் தூக்கினார். அவள் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு நெற்றியில் விரலை வைத்து ஒரு பக்கமாகத் தள்ளினாள். முகம் போகவில்லை. மறுபடியும் தள்ளினாள். கார்ட்டூன் வரட்டுமாம்!

கூடியிருந்த சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால் கண் கலங்கிவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. அந்தப் போனை, அவருடைய போனையும் சேர்த்து, அரிசி வாளிக்குள் புதைத்தேன்.

மறுநாள் பிள்ளை போனைக் கேட்டு உருண்டு உருண்டு அழுதாள். அவர் எதிரே உட்கார்ந்து, "சரி, தள்ளுங்க மகள்" என்று முகத்தை நீட்டினார். தள்ளினாள். ஆடாகிக் கத்தினார். தள்ளினாள். காகமானார். இன்னொரு தள்ளு, வாவி நண்டாகி அவள் வயிற்றைக் கிள்ளினார்.

"அல்லாவே, பைத்தியமா ஒங்களுக்கு?" என்று தறியிலிருந்து சிரித்தேன். பிறகு நானும் சேர்ந்துகொண்டேன். "வாப்பாட்டச் சொல்லுடி புள்ள, ஆட்டை வரச் சொல்லு!"

பகல் முழுக்க இதே கூத்து. கடைசியில் மனிதர் களைத்துப் பாயில் சாய்ந்தார். "சார்ஜ் முடிஞ்சி" என்று கண்ணை மூடிக்கொண்டார். இன்ஷிரா நெற்றியைத் தள்ளினாள். மூக்கை அமுக்கினாள். காதைத் திருகினாள். அசைவில்லை. நான் தறியை நிறுத்திவிட்டுப் பார்த்தேன்.

"வாப்பா!"

அவர் துள்ளி எழுந்தார். ஆடு, காகம், நண்டு எல்லாம் ஒன்றாக வந்தன. "கேட்டீங்களா றம்லா? சொல்லிட்டாள்! போன் எங்க? வீடியோ எடுக்கணும்!"

"அரிசி வாளியில கை வெச்சா ஒடிச்சிப்போடுவன்!" என்றேன். எனக்கும் அழுகை வந்துவிட்டது. இன்ஷிரா ஓடி வந்து என் நெற்றியில் விரலை வைத்துத் தள்ளினாள்.

தறியை விட்டு இறங்கி, ஆடாகக் கத்தினேன்.