தகடு இல்லாமல் ஒரு தடவை

என் அண்ணன் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறான். எதையும் பொறுமையாகச் செய்தால் அவனுக்குப் பிடிக்காது. வெளியே அவனுக்கு ‘டாப் கியர்’ என்று பட்டப்பெயர். அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

என் வீட்டுக்காரர் நேர் எதிர். வீட்டுக்குப் பக்கவாட்டில் தகரம் போட்ட இடத்தில், இறுகிப்போன பேரிங்கை அழுத்திக் கழற்றுகிற ஹைட்ராலிக் பிரஸ் ஒன்றைத் தானே செய்தார். லாரியைத் தூக்குகிற பழைய ஜாக்கி, எடைக்கு வாங்கிய இரும்புச் சட்டங்கள், வேலை முடிந்ததும் ஜாக்கியைப் பின்னால் இழுக்கக் கதவு ஸ்பிரிங் இரண்டு. வெல்டிங் வைத்த ஒவ்வொரு மூலையையும் சுத்தியலால் தட்டி, காதை வைத்துக் கேட்டார். எனக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட அப்படிக் கவனமாகத் தொட்டுப் பார்த்ததில்லை.

பிரஸ்ஸைவிட அதன் முன்னால் மாட்டுகிற தகட்டுக்குத்தான் அதிகம் மெனக்கெட்டார். பேரிங் இரும்பு வளையாது, சிதறும், சிதறினால் துப்பாக்கி ரவைதான் என்பார். அதனால் கனமான இரும்புத் தகடு. அதில் ஜாக்கியின் கைப்பிடி வெளியே வர ஒரு ஓட்டை. உள்ளே நடப்பதைப் பார்க்கப் பழைய ஸ்கூட்டர் கண்ணாடி ஒன்றைப் பக்கத்தில் மாட்டியிருந்தார். கண்ணுக்குப் போடுகிற கண்ணாடி ஒன்றே ஒன்றுதான். அது யார் பார்க்க வந்தாலும் வந்தவருக்கு. தனக்குத்தான் தகடு இருக்கிறதே என்பார். அக்கம்பக்கத்துப் பட்டறைகளிலிருந்து இறுகிப்போன பேரிங்கெல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்தன. அதில்தான் எங்கள் பிழைப்பு ஓடியது.

ஒரு நாள் அண்ணன் பேரிங் இறுகிப்போன நீளமான ஷாஃப்ட் ஒன்றைக் கொண்டுவந்தான். தகடு மாட்டினால் ஷாஃப்ட் உள்ளே போகவில்லை. தகட்டில் ஒரு வெட்டுக் கொடுத்துவிடுகிறேன், காலையில் வாருங்கள் என்றார் இவர். அண்ணன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு அம்மாவுக்குப் போன் போட்டான். வீட்டு மாப்பிள்ளைக்கு அவ்வளவு கிராக்கியா என்று அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். நான் அவளோடு மல்லுக்கட்டிவிட்டுத் திரும்பினால், அண்ணன் போல்ட்டுகளைக் கழற்றித் தகட்டைச் சுவரோரம் சாய்த்திருந்தான்.

“ஒரு தடவைதானே மாப்ள. குடியா முழுகிடும்?”

இவர் தகட்டைப் பார்த்தார். போனும் கையுமாக நின்ற என்னைப் பார்த்தார். எனக்கும் பிறந்த வீட்டுக்கும் சண்டை வேண்டாமென்று நினைத்திருப்பார். வேண்டாம் என்று நான் தலையாட்டியதை மதிக்கவில்லை. பழக்கதோஷத்தில் கண்ணுக்குப் போடுகிற கண்ணாடியை எடுத்து, வந்த அண்ணனுக்கே கொடுத்தார். தகடு இல்லாத அன்றும் அதே வழக்கம். அண்ணன் வேர்க்கிறது என்று அதை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டான்.

பேரிங் அசையவில்லை. ஜாக்கியை இன்னும் அடி, இன்னும் அடி என்றான் அண்ணன். பிறகு ஒரு சத்தம். இவர் இடது கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். அண்ணன்மேல் ஒரு கீறல் இல்லை.

இடது கண் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் இவர் செய்த முதல் வேலை, தகட்டில் அந்த வெட்டைக் கொடுத்ததுதான். ஆனால் வேலை வரவில்லை. வீட்டில் பண்ணின மிஷின், அப்படித்தான் ஆகும் என்று அண்ணன் நாக்கில் நரம்பில்லாமல் சொல்லிவைத்திருந்தான். நான் நேரே போய்க் கேட்டேன். தகட்டைக் கழற்றியது நீதான் என்று நாலு பேரிடம் சொல், அது போதும் என்றேன்.

“நான் சொன்னா போன கண்ணு திரும்பி வந்துடுமா?”

“கண்ணு வராதுண்ணே. வேலை வரும்.”

அவன் ஸ்பானரை எடுத்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனான். கொஞ்ச நாளில் ஒரு வண்டியோடு வந்தான். பிரஸ் இங்கே சும்மாதானே கிடக்கிறது என்றான். இங்கே துருப்பிடிப்பதற்கு அங்கேயாவது ஓடட்டும் என்று இவர் தலையாட்டினார். தகட்டையும் தானே தூக்கி வண்டியில் வைத்து, போல்ட்டுகளைப் பையில் போட்டுக் கொடுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளே போய்விட்டேன்.

நேற்று அம்மாவைப் பார்க்கப் போனேன். அவள் இருக்கிற அண்ணன் வீட்டுக்கு ஷெட் வழியாகத்தான் போக வேண்டும். பிரஸ்ஸின் முன்னால் தகடு மாட்டியிருந்தது. அண்ணன் ஒரு வாடிக்கையாளருக்கு அதைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தான்.

“இது இல்லாம அடிக்கவே கூடாது சார். எங்க மாப்ள, நான் சொல்லச் சொல்லக் கேக்காம கழட்டிட்டு அடிச்சாரு. கண்ணு போச்சு.”

வாடிக்கையாளர் உச்சுக் கொட்டினார்.

“கழட்டினது யாருன்னு சரியா சொல்லுண்ணே,” என்றேன்.

அண்ணன் திரும்பிப் பார்த்தான். முகம் ஒரு நொடிதான் மாறியது. இவள் என் தங்கச்சி சார், மாப்ளயோட சம்சாரம், பாவம், அந்த அதிர்ச்சி அவளுக்கு இன்னும் தெளியவில்லை என்று குரலைத் தாழ்த்திச் சொன்னான். அந்த ஆள் என்னை இரக்கத்தோடு பார்த்தார். அம்மாவைப் பார்க்காமலே திரும்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் இவரிடம் கொட்டினேன். தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

“கண்ணாடி போட்டிருந்தாரா?”

“நெத்தியில.”

இவர் சிரித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அதுதான் முதல் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவசரத்தில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவன் அந்தத் தகட்டைக் கழற்ற வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். என் கூடப்பிறந்தவன்தான்.